அன்புடன், வே. குணசீலன்

ஆல்பத்துக்கு ஆர்டர் கொடுக்க வரவில்லை தம்பி, வாங்கவும் வரவில்லை. போன மாதம் இருபத்திரண்டாம் தேதி, இந்த வத்தலக்குண்டிலேயே, செல்லாயி மஹாலில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தீர்களே, நிரஞ்சனா கல்யாணம். அது விஷயமாகத்தான். நான் பொண்ணுக்குத் தாய்மாமன். குணசீலன் என்று பெயர். நிலக்கோட்டையிலிருந்து வருகிறேன். என்னை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விஷயமே அதுதான்.

உட்காரலாமா? மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. தண்ணீரெல்லாம் வேண்டாம்.

இதைப் பாருங்கள். என் போன்தான், பயப்படாமல் தொடுங்கள். நான்தான் நிற்கிறேன். கல்யாணத்தன்றைக்குப் போட்ட அதே சட்டை, அதே வேட்டி. பின்னால் வெள்ளைச் சுவர் வைத்து எடுத்தேன், உங்களுக்கு வெட்டி எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. கையை ஏன் இப்படி நீட்டியிருக்கிறேன் என்றால், மாலை போடுகிற மாதிரி. சாய்வாக ஒன்று, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போட்டோவில் ஓர் ஆளை வெட்டி இன்னோர் இடத்தில் நிறுத்த எனக்கே வரும். தலைமுடி ஓரம்கூடப் பிசிறு தெரியாமல் வெட்டுவேன். வீடியோவில்தான் வராது. பத்து செகண்ட் போதும் தம்பி. பொண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து, மணமேடைக்குக் கூட்டி வருகிறானே ஒருத்தன், கறுப்பாய், வழுக்கையாய், பூமிநாதன். அவன் நிற்கிற இடத்தில் என்னை வைக்க வேண்டும்.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். சொன்னால் நீங்களே செய்துகொடுப்பீர்கள்.

எனக்குக் குடிநீர் ஏற்று நிலையத்தில் வேலை. பத்தொன்பது வருஷமாக நைட் டூட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். அது பாட்டுக்கு ஓடுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை, அதற்கு இன்னொரு மாடி ஏற வேண்டும். எட்டாவதோடு நின்றவன். ஆனால் அந்த மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், போனைத் தடவித் தடவியே இந்தக் கார்டு போடுகிற வேலையைக் கற்றுக்கொண்டேன். பிறந்தநாள், கல்யாணநாள், புதுமனைப் புகுவிழா, காதுகுத்து, பிளஸ் டூ பாஸ், வெளிநாட்டுப் பயணம், எது வேண்டுமானாலும். எங்கள் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, எங்கப்பா பெயரில், 'வேலுச்சாமி வாரிசுகள்'. அறுபத்தொரு பேர். அறுபத்தொரு பேருடைய பிறந்தநாளும் என் நோட்டில் இருக்கிறது. பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம் தாண்டாது, கார்டு போய்விடும். பெற்ற தாய்கூட அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள், நான் முழித்திருப்பேன்.

ஆளுக்கு ஏற்ற மாதிரி போடுவேன் தம்பி. ரெடிமேடாக வருகிறதே, நாலு ரோஜாப்பூ, ஒரு கேக், அந்தக் கதை நம்மிடம் கிடையாது. லாரி ஓட்டுகிறவனுக்கு லாரி, வாத்தியாருக்குக் கரும்பலகை. எங்கள் பெரியம்மா மகள் ஒருத்தி பிளேனே ஏறினதில்லை, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து மேகத்தைக் காட்டினேன். அழுதுவிட்டாளாம். "மாமா கலக்கிட்டீங்க, மாமா வேற லெவல்" என்று காலையில் எழுந்ததும் வரிசையாக வரும். அதைப் படித்துவிட்டுத்தான் படுப்பேன். எல்லாவற்றுக்கும் கீழே, வலது ஓரத்தில், சின்னதாக: அன்புடன், வே. குணசீலன்.

என் பிறந்தநாளுக்கா? அதை ஏன் கேட்கிறீர்கள். அவர்களுக்குப் போடத் தெரியாது. நானே போட்டுக்கொள்வேன். கீழே 'அன்புடன், வேலுச்சாமி வாரிசுகள்' என்று எழுதிவிடுவேன். எல்லாரும் கைதட்டுகிற பொம்மை போடுவார்கள்.

எங்கள் அக்கா, பவுனுத்தாய், நிரஞ்சனாவைப் பெற்றவள், அவள் மட்டும் பொம்மை போட மாட்டாள். அவளுக்கு எழுத வராது, பேசி அனுப்புவாள். என்ன கார்டு போட்டாலும் அதே பேச்சுதான். "நல்லாருக்குடா. எப்படா வர்ற?" பொங்கல் கார்டுக்கும் "எப்படா வர்ற", அவள் கல்யாண நாள் கார்டுக்கும் "எப்படா வர்ற". நான் ஒரு சிவப்பு இதயம் அனுப்புவேன். நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். போகாமல் என்ன. ஆனால் நைட் பார்க்கிறவனுக்குப் பகல்தானே தம்பி ராத்திரி. உங்களுக்கே தெரியும், கல்யாண வேலை முடித்து வந்தால் மறுநாள் எழுந்திருக்க முடிகிறதா?

அத்தான் படுத்தது போன வருஷம், ஆடி மாதம். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர், ராசாங்கம். சிறுநீரகம் போய்விட்டது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று நாள். இருபத்து மூன்று நாளும் ஒரு கார்டு தம்பி, ஒரு நாள் தவறவில்லை. சூரியன் உதிக்கிற மாதிரி, அத்தான் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற பழைய படத்தை வெட்டி எடுத்து, 'மீண்டு வா எங்கள் சிங்கமே' என்று. தினம் ஒரு வாசகம். யோசித்துப் பாருங்கள், இருபத்து மூன்று வாசகம்.

நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். "டேய், இது ஆம்பளைங்க வார்டு. என்னைய உள்ள விட மாட்டேங்கறாய்ங்க. வெளிய பெஞ்சுலதான் கெடக்கேன். பகல்ல ஒரு நாலு மணி நேரம் வந்து அவருகிட்ட உக்காருடா." வருகிறேன் என்றுதான் சொன்னேன். சொன்னேனா இல்லையா என்று அவளிடமே கேட்கலாம். டூட்டி முடித்து வந்து, கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்பலாம் என்று படுப்பேன். எழுந்தால் சாயங்காலம். தினமும் இதே. கடைசியில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், சவுரிமுத்து என்று ஒருத்தர், அவர் போய் உட்கார்ந்தாராம். நல்ல மனிதர். அவருடைய பிறந்தநாளை விசாரித்து வைத்திருந்து, அவருக்கும் ஒரு கார்டு போட்டேன்.

அத்தான் தவறிவிட்டார்.

விடியக்காலையில் தகவல் வந்தது. நான் டூட்டியில்தான் இருந்தேன். அப்படியே கிளம்பியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் தம்பி, கண்ணீர் அஞ்சலி யார் போடுவது? நான் போடாவிட்டால் பூமிநாதன் எவனிடமாவது கொடுத்து, எழுத்துப் பிழையோடு, கோணல் மாணலாக ஒன்றைப் போட்டுவிடுவான். எங்கள் அத்தானுக்கு அப்படி ஒன்று போகலாமா? உட்கார்ந்து செய்தேன். கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுடர் அசைகிற மாதிரி. இரண்டரை மணி நேரம். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், பஸ் இல்லை. ஏறின பஸ்ஸும் வழியில் டயர் மாற்றுகிறேன் என்று நிறுத்திவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. தாலி இறங்குகிற பொம்பளைக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடணும் அல்லவா, கூடப் பிறந்தவன் புடவை போடணும். "பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா?" என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். பூமிநாதன் ஓடிப் போய்க் கடையைத் திறக்கச் சொல்லி ஒரு புடவை வாங்கி வந்து போட்டுவிட்டான். அவன் எங்கள் சித்தப்பா மகன். முறைக்கு அவனும் தம்பிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் நான். கொஞ்சம் பொறுத்தால் என்ன?

அக்கா என்னைப் பார்த்து, "சாப்புட்டியா?" என்றாள். அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குரூப்பில் ஒரு வரி வந்தது. பார்த்திருப்பீர்கள், சாம்பல் கலரில் வருமே. 'பவுனுத்தாய் வெளியேறினார்.'

எனக்குக் காரணம் தெரியும். அஞ்சலி கார்டில் அத்தானுக்கு வயது ஐம்பத்தெட்டு என்று போடுவதற்குப் பதிலாக ஐம்பத்தொன்பது என்று போட்டுவிட்டேன். அவசரத்தில் வந்த பிழை. பொம்பளைகள் அந்த மாதிரி நேரத்தில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். திருத்தி மூன்று தடவை மறுபடி போட்டேன். அவள்தான் குரூப்பில் இல்லையே, எங்கே பார்ப்பாள். தனியாகவும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. "எப்படா வர்ற"கூட இல்லை. அப்புறம் ஒரு வருஷம் தம்பி, தீபாவளி, பொங்கல், அவள் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் போட்டேன். துக்கம் நடந்த வீட்டுக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்பக்கூடாது என்று தெரியும். அதனால் 'தீபாவளி' என்று எழுதாமல், விளக்கு மட்டும் வைத்து, 'காலம் மாறும்' என்று போட்டேன். நீல டிக்தான்.

இப்படி இருக்கும்போது பத்திரிகை வருகிறது. எப்படி வருகிறது? போனில் வருகிறது! தாய்மாமனுக்கு! தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, குடும்பத்தோடு வந்து, கிழக்கே பார்த்து நிற்கவைத்துக் கொடுக்க வேண்டிய பத்திரிகை, டிங் என்று வந்து விழுகிறது. கிளி பறக்கிறது, மேளம் அடிக்கிறது, எழுத்து ஒவ்வொன்றாகக் குதித்து வருகிறது. ஓர் எழுத்து வரிசை தப்பிக் கோணலாக நின்றது, அதைக்கூடச் சரி செய்யவில்லை. 'தாய்மாமன் வே. குணசீலன்' என்று பெயர் போட்டிருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கீழே நிரஞ்சனா பேசி அனுப்பியிருந்தாள். "மாமா, அம்மாவால எங்கயும் அலைய முடியல. கோவிச்சுக்காம வந்துருங்க மாமா. அப்பாவும் இல்ல. நீங்கதான் என்னைய மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்கள் தம்பி, ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவதும், போனில் ஒரு படத்தைத் தட்டிவிடுவதும் ஒன்றா? ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா, சரி.

ஆனாலும் போனேன். பொண்ணு கேட்டிருக்கிறாளே. லீவு போட்டு, முதல் நாளே சேர்த்துத் தூங்கி, மாலை கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, எட்டே காலுக்கெல்லாம் மண்டபத்துக்கு எதிரில் இறங்கிவிட்டேன். ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். எட்டே கால்! தாமதமாகப் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இறங்கினவன், நேராக உள்ளே போக மனசு வரவில்லை. வாசலில் யாருமே இல்லை. பன்னீர் தெளிக்க இரண்டு பொண்ணுகள், அதுகளுக்கு என்னைத் தெரியாது. தாய்மாமன் வருகிறான் என்றால் மேளத்தோடு எதிர்கொண்டு அழைப்பார்கள். மேளம் வேண்டாம், யாராவது ஒருத்தர் வாசலுக்கு வந்து பார்த்தால் போதும், போய்விடலாம் என்று எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். மாலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் ஞாபகம் வந்தது, பத்திரிகையிலேயே நேரலை பார்க்க இணைப்பு கொடுத்திருந்தார்களே. நீங்கள் ஒளிபரப்பினது. தட்டினேன். தெளிவாக வந்தது, குறை சொல்ல மாட்டேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், மண்டபம் எதுத்தாப்ல இருக்கு, போன்ல கல்யாணம் பாக்குறீங்க? சாப்பாடும் போன்லயே வந்துருமா?" என்றார். நெட்வொர்க் செக் பண்ணுகிறேன் என்று சொன்னேன். ஸ்டூடியோ ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் பார்த்தேன் தம்பி. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தது, ஹோமம் வளர்த்தது, பாத பூஜை. அப்புறம் ஐயர் மைக்கில் சொன்னார், "தாய்மாமன் மாலை எடுத்துண்டு வாங்கோ." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்துவிட்டேன். எழுந்தவன் நின்றேன். ஒரு தடவை கூப்பிட்டதும் ஓடினால் நல்லாவா இருக்கும்? இரண்டாம் தடவை கூப்பிடட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மாப்பிள்ளையைக் காட்டினீர்கள். நாதஸ்வரக்காரரைக் காட்டினீர்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை பலூனைக் கடிப்பதைக் காட்டினீர்கள். அப்புறம் திருப்பினால், பூமிநாதன் மாலையோடு நடந்து வருகிறான்!

ஓடினேன். ரோட்டில் ஒரு டெம்போக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். உள்ளே போய் நின்றால், பொண்ணு மேடையில் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் மாலை. எல்லாம் முடிந்துவிட்டது. என் கையில் இருந்த போனில் அப்போதுதான் பூமிநாதன் மாலையைத் தூக்குகிறான். இது என்ன மாயம் என்றே எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஒரு பையனிடம் விசாரித்தபோது சொன்னான், நேரலை என்றால் நேராக வராதாம், மேலே போய்க் கீழே வர நாற்பது செகண்ட் பிந்துமாம். நாற்பது செகண்ட் தம்பி! அதை ஓர் ஓரத்தில் எழுதிப் போட வேண்டாமா நீங்கள்? நாற்பது செகண்டில் என் உரிமை போய்விட்டது.

அப்படியே திரும்பிவிட்டேன். பின்வரிசைத் தூணோரம் மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. என் வருத்தம் எல்லாம் இதுதான்: ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அக்கா பொறுத்திருக்கக்கூடாதா? கூப்பிட்ட வாய் மூடவில்லை, அதற்குள் அவனிடம் மாலையைக் கொடுத்துவிட்டாளே. அந்த அளவுக்கா என் மேல் கோபம்? சரி போகட்டும். படத்திலாவது நான் இருக்கட்டும். நாளைக்கு நிரஞ்சனா பிள்ளைகள் பார்க்கும்போது, இதுதான் உங்கள் அம்மாவுடைய தாய்மாமன் என்று இருக்க வேண்டும் அல்லவா. வெட்டி வைத்துவிடுங்கள் தம்பி. பூமிநாதனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

என்ன? பின்பக்கத்திலிருந்து எடுத்ததா? இரண்டாவது கேமராவா? அது நேரலையில் போகவில்லையா? சரி, அதில் கூட்டம் மறைக்காது என்றால் அதையே போடுங்கள். எந்தக் கோணத்தில் நான் நிற்க முடியும் என்று பார்ப்போம்.

ஆமாம், இது பொண்ணு ரூம் வாசல். இது நிரஞ்சனா. இது அக்கா. இளைத்துவிட்டாள். ஏன் இவள் இங்கே நிற்கிறாள்? தாலி இறங்கினவள் முன்னால் வரமாட்டேன் என்று உள்ளேயே இருப்பாள் என்றல்லவா நினைத்தேன். கையில் தட்டு. மாலைத் தட்டு. இவர்களும் ஒரு மாலை வாங்கி வைத்திருந்தார்களா, நான் கொண்டுவராமல் போனால் என்று.

ஓரத்தில் ஓடுகிறதே, அதுதான் மணியா? ஒன்பது நாற்பத்தொன்று. இப்போதுதான் ஐயர் கூப்பிட்டிருப்பார்.

பூமிநாதன் வருகிறான். பார்த்தீர்களா, பார்த்தீர்களா, கையை நீட்டுகிறான்.

கொடுக்கவில்லையே.

தட்டை இழுத்து மார்போடு பிடித்துக்கொள்கிறாள். கொஞ்சம் பின்னால் போங்கள் தம்பி. ஆமாம், இழுத்துக்கொள்கிறாள். என்னவோ சொல்கிறாள். சத்தம் வராதா? மேளச்சத்தம்தான் வருகிறது. மறுபடி போடுங்கள். 'வந்துருவான்.' அதுதான். சின்ன வயதிலிருந்து பார்த்த வாய், எனக்குத் தெரியாதா. 'வந்துருவான்' என்கிறாள்.

நாற்பத்திரண்டு. ஐயர் கையைத் தூக்கிக் காட்டுகிறார். யாரோ பொம்பளை அக்கா தோளைத் தொடுகிறாள். இவள் எங்கே போகிறாள்? தட்டைக் கையில் வைத்துக்கொண்டே போகிறாளே. சபை நடுவே. அத்தனை பேர் பார்க்க. வாசலுக்குப் போகிறாள் தம்பி. வெளிச்சத்தில் முதுகு மட்டும்தான் தெரிகிறது. வாசலில் நிற்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், பஸ் ஸ்டாண்டு பக்கம். அந்தப் பக்கம் பார்க்கிறாள்.

எதிரில்தானே இருந்தேன். நேர் எதிரில்.

நாற்பத்துநாலு. இன்னும் நிற்கிறாள். நாற்பத்தைந்து. திரும்பி வருகிறாள். பூமிநாதனிடம் தட்டைக் கொடுக்கிறாள். போதும், நிறுத்துங்கள்.

நாலு நிமிஷம். இதை ஏன் நேரலையில் காட்டவில்லை? ஒன்றும் நடக்காத இடம் என்றா? வீடியோவிலும் வெட்டிவிடுவதாக இருந்தீர்களா? வேண்டாம் தம்பி. வெட்ட வேண்டாம். என் படத்தையும் வைக்க வேண்டாம். பூமிநாதன் நிற்கட்டும், அவன்தான் நின்றான்.

என்ன சொன்னீர்கள்? அஞ்சு மணிக்கா? இங்கேயா? ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுக்க அக்காவே வருகிறாளா?

மணி இப்போது நாலு நாற்பது.

இல்லை தம்பி, உட்காரச் சொல்லாதீர்கள். நான் இங்கே உட்கார்ந்திருக்க, அவள் உள்ளே நுழைந்து, திடுதிப்பென்று என்னைப் பார்த்தால் நல்லா இருக்காது. பிரஷர் வேறு இருக்கிறது அவளுக்கு. நான் கீழே போகிறேன். மருந்துக்கடை ஓரத்தில் நிழல் இருக்கிறது, அங்கே நிற்கிறேன். என் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். இந்த நாலு நிமிஷத்தை அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நான் வந்ததாக நீங்களாகச் சொல்ல வேண்டாம். பார்த்துவிட்டு, அவளாக, 'எந்தம்பி வந்தானா' என்று ஒரு வார்த்தை கேட்டால், கேட்டால் மட்டும், ஒரு ரிங் விடுங்கள். இது சாதாரண போன் கால்தானே, நேரலை மாதிரி இதில் தாமதமெல்லாம் ஆகாது. ஒரே ஓட்டத்தில் மேலே வந்துவிடுவேன்.

உடனே கேட்க மாட்டாள் தம்பி. யோசித்துத்தான் கேட்பாள். நீங்கள் அவசரப்பட்டுக் கடையைச் சாத்திவிடாதீர்கள். நான் வேறெங்கும் திரும்ப மாட்டேன். போனையேதான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.